கணிதக் கழகத்துக்கு 120: பந்தல் பிரித்த பிறகு என்ன மிஞ்சும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2027 ஏப்ரல் 4 அன்று இந்தியக் கணிதக் கழகத்துக்கு 120 ஆண்டு நிறைகிறது. அதே ஆண்டு டிசம்பர் 22 ராமானுஜனின் 140-ஆவது பிறந்த நாள். இரண்டும் சேர்ந்து வருவதால் கழகத்தோடு நம் கல்லூரிகளின் கணிதத் துறைகளும் கருத்தரங்கு, விருது, மலர் என்று வேலையில் இறங்கும். இறங்கட்டும். ஆனால் இத்தகைய ஆண்டு விழாக்களில் பணமும் உழைப்பும் எங்கே வீணாகின்றன, எங்கே பலன் தருகின்றன என்பதை முன்கூட்டியே பேசிவிட்டால் நல்லது. அழைப்பிதழ் அச்சான பிறகு எதையும் மாற்ற முடியாது.

இந்தக் கழகம் பிறந்ததே படிக்கப் புத்தகம் கிடைக்காத குறையால்தான். துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயர் 1906 டிசம்பர் 25 அன்று நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நல்ல கணித இதழ்களும் நூல்களும் பார்க்கக் கிடைப்பதில்லை. ஆளுக்கு ஆண்டுக்கு 25 ரூபாய் போட்டால் அவற்றை வாங்கி உறுப்பினர்களுக்குள் சுற்றுக்கு விடலாம் என்பதே அதில் இருந்த யோசனை. 1907 ஏப்ரலில் 20 பேருடன் கழகம் தொடங்கியது. சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் பி. ஹனுமந்த ராவ் முதல் தலைவர். 1909-இல் இதழ் வந்தது. முதல் மாநாடு அதற்கும் பிறகு, 1916-இல் சென்னையில்தான் கூடியது. முதலில் வாசிப்பு, அடுத்து இதழ், அதற்குப் பின்பே மேடை என்ற இந்த வரிசை இன்று தலைகீழாகிவிட்டது. 120-ஆம் ஆண்டில் அதைத் திரும்ப நிமிர்த்தி வைக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

கூட்டங்களில் இருந்து தொடங்குகிறோம். பெரும்பாலான கருத்தரங்குகளில் முதல் நாள் காலை முழுவதையும் தொடக்க விழா விழுங்கிவிடுகிறது. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை என்று 45 நிமிடம் ஒதுக்கிய நிகழ்ச்சி, விருந்தினர் தாமதமாக வந்தால் இரண்டரை மணி நேரம் ஓடும். அந்த நேரத்தை ஈடுகட்ட, ஊர் தாண்டி வந்த முதல் சொற்பொழிவாளரின் ஒரு மணி நேரம் 20 நிமிடமாகச் சுருங்கும். இதற்கு மருந்து எளிது. காலை 9 மணிக்கு முதல் சொற்பொழிவைத் தொடங்கிவிட்டு, விழாவை மாலை 5 மணிக்கு வையுங்கள். விருந்தினர் தாமதமானாலும் கணிதம் நிற்காது.

ஆய்வுரைக்கு 15 நிமிடம் என்றால் அதில் 12 நிமிடம் பேச, 3 நிமிடம் கேள்விக்கு. பத்தாம் நிமிடத்தில் ஒரு மணி, பன்னிரண்டில் இரண்டாவது மணி. இணையாக நடக்கும் அமர்வுகள் நான்கைத் தாண்டக் கூடாது. ஏழு, எட்டு அறைகளில் நடத்தினால், பேசுகிறவரும் தலைமை தாங்குகிறவரும் அடுத்துப் பேசக் காத்திருக்கும் மூன்று பேரும் மட்டுமே அறையில் இருப்பார்கள். கட்டுரைகள் மிகுந்தால் ஒரு பகுதியைச் சுவரொட்டிக் காட்சிக்கு மாற்றுவதே முறை. ஒரு பலகைக்கு ஒரு கட்டுரை. ஆசிரியர் குறிப்பிட்ட ஒன்றரை மணி நேரம் அருகில் நிற்க வேண்டும்.

கணிதச் சொற்பொழிவுக்குக் கரும்பலகை வேண்டும். நிரூபணத்தைத் திரையில் காட்டினால் கேட்பவர் ஒரு வரியைப் புரிந்துகொள்வதற்குள் பேசுபவர் ஆறாவது வரிக்குப் போயிருப்பார். பலகையில் எழுதும்போது கையின் வேகம் இருவரையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும். அண்மைக்காலக் கல்லூரி அரங்குகள் பலவற்றில் பலகையே இல்லை என்பதால், அரங்கை முடிவு செய்யும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். மேலும் கீழும் நகரும் இரண்டு பலகை, கடைசி வரிசையில் இருந்து படிக்கக்கூடிய வெளிச்சம், ஈரத்துணி இரண்டு. இதற்கு ஆகும் செலவு ஒரு வேளை விருந்துச் செலவைவிடக் குறைவு.

மாணவர் பயணப்படியில்தான் உண்மையான தடுமாற்றம். ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. டிசம்பர் கடைசி வார மாநாட்டுக்கு அக்டோபர் கடைசியில் பதிவு திறந்ததும் இடம் போய்விடும். எனவே கட்டுரைச் சுருக்கம் வந்து சேர வேண்டிய நாள் மாநாட்டுக்கு 120 நாள் முன்பு, ஏற்பு முடிவு 75 நாள் முன்பு என்று வைத்தால்தான் மாணவர் பயணச்சீட்டு எடுக்க முடியும். 30 நாள் முன்பு ஏற்புக் கடிதம் அனுப்புவது, வர வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். பயணப்படியை மாநாடு முடிந்து மூன்று மாதம் கழித்து ரசீது பார்த்துத் தருவதும் அப்படியே. திருநெல்வேலியில் இருந்து புனே போய்வரும் செலவை முன்கூட்டியே போட முடியாத ஆய்வு மாணவர் விண்ணப்பிக்கவே மாட்டார். பதிவு மேசையிலேயே கணக்கில் செலுத்திவிடலாம். போன பயணச்சீட்டின் நகலும், திரும்பும் சீட்டின் முன்பதிவும் போதும். வெளிநாட்டுச் சொற்பொழிவாளர் என்றால் மாநாட்டு விசாவுக்கு நிகழ்ச்சி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ஆறு மாதத்துக்கு முன்பே கோப்பைத் தொடங்காவிட்டால் அவர் காணொளியில்தான் பேசுவார்.

இன்னொரு தடை கண்ணில் படுவதில்லை. கட்டுரை அனுப்பும் படிவங்கள் பலவற்றில் நிறுவனத்தின் பெயரும் நிறுவன மின்னஞ்சலும் கட்டாயம். நிரப்பாவிட்டால் படிவம் நகராது. 1910-இல் திருக்கோவிலூருக்குப் போய் ராமசாமி ஐயரிடம் எழுத்தர் வேலை கேட்ட ராமானுஜனிடம் பட்டமும் இல்லை, நிறுவனமும் இல்லை. நோட்டுப் புத்தகங்கள்தான் இருந்தன. அடுத்த ஆண்டே கழகத்தின் இதழில் அவருடைய கேள்விகளும், பெர்னூலி எண்களைப் பற்றிய முதல் கட்டுரையும் வெளிவந்தன. அந்தக் கட்டுரை எளிதாக அச்சேறவில்லை. எழுத்து மிகச் சுருக்கமாகவும் தெளிவில்லாமலும் இருந்ததால், இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் ஒரு முறைக்கு மேல் திருப்பி அனுப்பித் திருத்தி வாங்கியே வெளியிட்டார். எழுதியவருக்கு முகவரி இருந்தது. அது போதுமானதாக இருந்தது. இன்றைய படிவத்திலும் "நிறுவனம் இல்லை" என்று தேர்ந்தெடுக்க ஒரு கட்டம் வையுங்கள். அதற்கு ஒரு நாள் வேலைகூட இல்லை.

விருதுகளுக்கு வருகிறோம். ஆண்டு விழாவில் புது விருது அறிவிப்பது எளிது. பத்தாம் ஆண்டிலும் அதை மானத்தோடு கொடுப்பதற்குக் கணக்கு வேண்டும். பரிசுத் தொகை 50,000 ரூபாய், விருதாளரும் துணைவரும் வந்துபோக 40,000, பதக்கமும் சான்றிதழும் 10,000 என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சம். வங்கி வைப்பு ஆறரை விழுக்காடு தருகிறதே என்று 15 லட்சத்தை மூலநிதியாக வைத்துக்கொண்டு முழு வட்டியையும் செலவழித்தால், பத்து ஆண்டில் விலைவாசி பரிசின் மதிப்பைப் பெருமளவு குறைத்துவிடும். வட்டி வீதம் குறையும் ஆண்டில் பயணச் செலவுக்கே பற்றாது. மூலநிதியில் ஆண்டுக்கு 4 விழுக்காடு மட்டும் எடுப்பது என்று விதி வையுங்கள். அப்போது 25 லட்சம் வேண்டும். வட்டியில் மீதி இரண்டரை விழுக்காடு, அதாவது 62,500 ரூபாய், ஆண்டுதோறும் நிதியிலேயே சேரும். அவ்வளவு திரளாவிட்டால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கொடுங்கள். பன்னிரண்டரை லட்சம் போதும். ஆண்டுதோறும் கொடுக்கும் மெலிந்த விருதைவிட அது மேல்.

கொடைப் பத்திரத்தில் "தங்கப் பதக்கம்" என்று எழுத வேண்டாம். தங்கத்தின் விலை வட்டியைத் தாண்டி ஓடும். நம் பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைத் தங்கப் பதக்கங்கள் முலாம் பூசியவை ஆனது இப்படித்தான். விருதின் பெயர் நிலையானது. தொகை, வடிவம், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பவற்றைச் செயற்குழு மாற்றலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பேரப்பிள்ளைகள் காலத்தில் வழக்கு வராது. "இது மூலநிதிக்கான கொடை" என்று கொடையாளரிடம் எழுத்துமூலம் வாங்கிக்கொள்வதும் முக்கியம். அந்தக் கடிதம் இல்லாவிட்டால், வரிக் கணக்கில் அது ஆண்டு வருமானமாகிச் செலவழிக்கும் கட்டாயத்துக்குள் வந்துவிடும்.

வெளிநாட்டுத் தமிழர் பலர் ராமானுஜன் பெயரில் கொடை தர முன்வருவார்கள். இங்கே ஒரு கண்ணி உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் இருந்து தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால், இந்தியாவில் பிறந்தவர் ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்கத் தனிப் பதிவு வேண்டும். பணமும் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். சாதாரணக் கணக்கில் வாங்கிவிட்டுப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தால் கழகமே சிக்கலில் மாட்டும். ஆகவே கொடை விண்ணப்பத்தின் முதல் கேள்வியே குடியுரிமையாக இருக்கட்டும்.

தேர்வுக் குழுவில் ஐந்து பேர் போதும். அவர்களில் இருவராவது வெளி மாநிலத்தவர். முன்மொழியப்பட்டவருக்கு வழிகாட்டியாக இருந்தவர், கடந்த ஐந்து ஆண்டில் சேர்ந்து எழுதியவர், அதே துறையில் பணிபுரிபவர், உறவினர் ஆகியோர் அந்தப் பெயரைப் பேசும்போது வெளியே போக வேண்டும். "வாக்களிக்கவில்லை" என்பது போதாது. அறையில் இருந்தாலே மற்றவர் வாய் அடைபடும். முன்மொழிவு மூன்று பக்கம்: என்ன நிறுவினார், அதற்கு முன் என்ன தெரிந்திருந்தது, அதைக் கொண்டு பிறர் என்ன செய்தார்கள். கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோள் எண்ணிக்கையையும் கேட்காதீர்கள். கேட்டால் அவைதான் தீர்மானிக்கும்.

இளையோர் விருதுக்கு வயது வரம்பு வைப்பதைவிட, முனைவர் பட்டம் பெற்று எத்தனை ஆண்டு என்று வைப்பது நியாயம். குழந்தைப் பேறு ஒவ்வொன்றுக்கும் ஓராண்டு கூட்டிக்கொள்ளலாம். பெண்களின் பெயர்கள் தாமாக வந்து சேரும் என்று காத்திருப்பதன் விளைவுக்கு லண்டனில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ராயல் வானியல் கழகம் தன் தங்கப் பதக்கத்தை 1828-இல் கரோலின் ஹெர்ஷலுக்குக் கொடுத்தது. அடுத்து அதை ஒரு பெண் பெற்றது 1996-இல், வேரா ரூபின். இடையில் 168 ஆண்டுகள். அறிவிப்பை வெளியிடுவதோடு நில்லாமல், குழுவில் ஒருவர் மகளிர் கல்லூரிகளுக்கும் சிறு ஊர்க் கல்லூரிகளுக்கும் நேரடியாக எழுதிப் பெயர்களைத் திரட்டும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

எங்களைக் கேட்டால், புது விருது ஒன்றே ஒன்று வைக்க வேண்டுமென்றால், அது கேள்வி தீர்ப்போருக்கு இருக்கட்டும். கழக இதழின் உயிர்நாடியாக இருந்தது, ஒருவர் கேள்வி அனுப்ப மற்றவர்கள் விடை எழுதும் கேள்விப் பகுதிதான். 1911-இல் ராமானுஜன் அனுப்பிய 289-ஆம் கேள்வி, முடிவில்லாமல் ஒன்றனுக்குள் ஒன்றாக அமைந்த வர்க்கமூலங்களின் மதிப்பைக் கேட்டது. யாரும் விடை அனுப்பாததால் கடைசியில் அவரே தந்தார். விடை 3. பத்தாம் வகுப்பு மாணவருக்கும் அது புரியும். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1 + 2×4. அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 3×5. அந்த 5 என்பது 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4×6. இப்படியே போய்க்கொண்டிருக்கும். (அந்தத் தொடர் உண்மையில் 3-இல் போய் நிற்கிறது என்பதற்குத் தனி நிரூபணம் வேண்டும், ஆசிரியர்கள் அதை விட்டுவிடக் கூடாது.)

மாதம் இரண்டு கேள்வி என்றால் ஆண்டுக்கு 24. சிறந்த விடைக்கு 2,000 ரூபாய் வீதம் 48,000. இதில் பணத்தைவிடத் திருத்தும் உழைப்பே பெரிது. கேள்விக்கு 60 விடை வந்தால் மொத்தம் 1,440. ஒன்றுக்குக் கால் மணி வீதம் 360 மணி நேரம். ஆறு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 60 மணி, மாதம் ஐந்து மணி. இந்த ஆறு பேரை முதலில் பிடித்துவிட்டுப் பிறகு அறிவியுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் அச்சுக்கு முன் இருவர் தனித்தனியே தீர்த்துப் பார்க்க வேண்டும். "மிகை எண்" என்று எழுத வேண்டிய இடத்தில் "எண்" என்று விட்டுவிட்டாலே கேள்வி உடைந்துவிடும். விடையை இணையத்திலும் செயற்கை நுண்ணறிவிலும் எடுத்துவிடுவார்களே என்ற கேள்விக்கு, பரிசுக்குரிய மூவரிடம் 20 நிமிடம் தொலைபேசியில் பேசினாலே போதும். "இந்த வரியில் ஏன் சம அடையாளம் வருகிறது?" என்ற ஒரு கேள்வியில் சொந்த விடையும் இரவல் விடையும் பிரிந்துவிடும்.

பணத்தில் பெரும்பங்கு போக வேண்டிய இடம் வெளியீடு. வெளியீடு என்றதும் விழா மலரை நினைப்பதுதான் நம் வழக்கம். 120 பக்க மலரில் 40 பக்கம் வாழ்த்துச் செய்தியும் புகைப்படமும், 40 பக்கம் விளம்பரமும் இருந்தால் மிஞ்சுவது எவ்வளவு? மலர் போடுவதானால் 96 பக்கம் போடுங்கள். அச்சில் ஒரே தாளை மடித்து வரும் பாரம் 16 பக்கம். 96 என்றால் சரியாக ஆறு பாரம். 100 பக்கம் என்றால் ஏழாம் பாரத்தில் 12 பக்கம் வீண். 1,000 படி அடித்து 700-ஐ அலமாரியில் கரையானுக்குக் கொடுப்பதைவிட 300 படி அடித்துவிட்டு, பி.டி.எஃப். கோப்பை எல்லோருக்கும் திறந்துவிடலாம். நூலுக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணும் தொடர் இதழுக்கான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் இந்தியாவில் இலவசம். விண்ணப்பித்துச் சில வாரம் காத்திருந்தால் போதும். நூல் வெளிவந்து 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா நூலகம் உட்பட நான்கு பொது நூலகங்களுக்குப் படி அனுப்புவது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. விழா மலர்களில் பெரும்பாலானவை இதைச் செய்யாததால், 20 ஆண்டு கழித்து எந்த நூலகப் பட்டியலிலும் அகப்படுவதில்லை.

கருத்தரங்கத் தொகுதியைத் தனி நூலாகப் போட்டால் மூன்று ஆண்டு இழுக்கும். அதற்குள் நல்ல கட்டுரைகளை ஆசிரியர்கள் வேறு இதழுக்கு அனுப்பிவிடுவார்கள். இதழின் சிறப்பு வெளியீடாக, கட்டுரைக்கு 12 பக்க வரம்போடு, மாநாடு முடிந்து 90 நாளில் கையெழுத்துப்படி என்று வைப்பதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

உண்மையான பணி பழைய தொகுதிகளில் இருக்கிறது. 1909-இல் தொடங்கிய கழக இதழ், 1933-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஏ. நரசிங்க ராவ் தொடங்கிய கணித மாணவர் இதழ், இவற்றோடு நம் கல்லூரிகள் நடத்தி நின்றுபோன சிறு இதழ்கள் எல்லாம் நல்ல படமாக, தேடக்கூடிய அட்டவணையோடு, கட்டணமின்றி யாருக்கும் கிடைக்க வேண்டும். ஏன் என்பதற்கு எஸ். சிவசங்கரநாராயண பிள்ளையைப் பாருங்கள். எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் படிகளின் கூட்டலாக எழுதலாம் என்று 1940-இல் நிறுவியவர். 1950-இல் அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். அவருடைய கட்டுரைகள் அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழிலும் கழக இதழிலுமாகச் சிதறிக் கிடந்தன. 1985-இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய ராமானுஜன் கணிதக் கழகம், ஆர். பாலசுப்பிரமணியன், ஆர். தங்கதுரை ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு அவற்றைத் தொகுத்து வெளியிட்டது 2010-இல். 60 ஆண்டு ஆனது. ஒரு சங்கம் ஆண்டு விழாவில் செய்யக்கூடிய தலைசிறந்த வேலை அத்தகையது.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு தாள்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, இதழை இப்போது வெளியிடும் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம். பழைய தொகுதிகளின் மின்பதிப்பு உரிமை அதில் போயிருக்கிறதா என்று தெரிய வேண்டும். இரண்டு, பதிப்புரிமை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு என்பதால், 1930-இல் எழுதி 1990-இல் மறைந்தவரின் கட்டுரைக்கு 2050 வரை உரிமை நிற்கும். வாரிசுகளைத் தேடி அனுமதி கேட்பதற்கு ஓராண்டு ஆகும். ஆகவே அந்த வேலையைப் படமெடுப்பதோடு சேர்த்தே தொடங்க வேண்டும்.

படமெடுப்பதில் எது தவறும் என்று சொல்கிறோம். நூறாண்டுத் தாள் அமிலமேறி மடிப்பில் ஒடியும். முதுகை வெட்டி, தாளைத் தானே இழுக்கும் கருவியில் போடவே கூடாது. புத்தகம் பாதி திறந்த நிலையில் படுத்திருக்கும் தொட்டில் வகை ஸ்கேனர் வேண்டும். சாம்பல் நிறப் படிநிலையில் அங்குலத்துக்கு 400 புள்ளி. வெறும் கறுப்பு வெள்ளை என்றால் 600. உரைநடை நூலுக்கு 300 போதும் என்பார்கள். கணிதத்தில் அடிக்குறி, மேற்குறி, வகைக்கெழுவைக் குறிக்கும் சிறு கோடு எல்லாம் அதில் கரைந்துவிடும். படத்தைத் துப்புரவாக்கும் மென்பொருளில் "புள்ளி நீக்கு" என்ற வசதியை அணைத்துவிட வேண்டும். அது தூசியோடு தசமப் புள்ளியையும் நீக்கும், 3.14 என்பது 314 ஆகிவிடும். தானாக ஓரம் வெட்டும் வசதி பக்க எண்ணைத் தின்னும்.

ஆறுக்கு ஒன்பது அங்குலப் பக்கம் ஒன்று 400 புள்ளியில் ஏறத்தாழ 8.6 எம்.பி. வரும். 20,000 பக்கம் என்று வைத்துக்கொண்டால் 173 ஜி.பி. ஒரு டெராபைட் வட்டில் தாராளமாக அடங்கும். மூன்று வட்டு வாங்கி மூன்று ஊர்களில் வையுங்கள். மூலப் படம் டிஃப் வடிவில், வாசகருக்கு பி.டி.எஃப். பழகிய ஒருவர் நாளுக்கு 1,000 பக்கம் எடுத்தால் 20 வேலை நாள். சரிபார்ப்புக்கு அதைப் போல இரு மடங்கு ஒதுக்குங்கள். இரவல் தந்த நூலகத்துக்குத் தொகுதியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் 117-ஆம் பக்கம் விடுபட்டது தெரியவரும். இந்தத் தவறு நடக்காத திட்டத்தை நாங்கள் அறியோம். படமெடுக்கும் முன்பே பக்கங்களை எண்ணி, குறைகளைத் தாளில் குறித்து, இன்னொரு நூலகப் படியில் இருந்து நிரப்ப வேண்டும்.

பைண்டர்கள் அந்நாளில் வெளி அட்டைகளைக் கழித்துவிட்டுத் தைத்தார்கள். இதழ் உண்மையில் வெளிவந்த மாதம், உறுப்பினர் பட்டியல், சந்தா விவரம் எல்லாம் அந்த அட்டைகளில்தான் இருந்தன. யார் முதலில் கண்டுபிடித்தார் என்ற வழக்கில் அந்த மாதமே சாட்சி. கும்பகோணத்திலோ பாளையங்கோட்டையிலோ பழைய கல்லூரி நூலகத்தில், பழைய ஆசிரியர் வீட்டுப் பரணில், தைக்காத தனி இதழ் இருந்தால் அது தொகுதியைவிட மதிப்புள்ளது. இந்தக் கடிதத்தைப் படிப்பவர் யாரிடமாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணர் மென்பொருளைப் பழைய அச்சின் சமன்பாடுகளுக்கு முழுதும் நம்ப முடியாது. ஆகவே அட்டவணையைக் கையால்தான் செய்ய வேண்டும்: ஆசிரியர், தலைப்பு, தொகுதி, ஆண்டு, பக்கம், கேள்வி எண், விடை தந்தவர் பெயர். இருவர் தனித்தனியே தட்டச்சிட்டு ஒப்பிட்டால் பிழை தெரிந்துவிடும். Iyer, Aiyer, Aiyar, Ayyar என்று ஆங்கிலத்தில் ஒரே ஆள் நான்கு எழுத்துக்கூட்டலில் வருவார். அச்சில் உள்ளதை அப்படியே ஒரு கட்டத்திலும், ஒரே சீரான பெயரை இன்னொரு கட்டத்திலும் இடுங்கள். கேள்விப் பகுதியை அட்டவணையில் விட்டுவிடாதீர்கள். ராமானுஜனின் ஐம்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள் அங்கேதான் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் நடக்கும் கூட்டங்களிலாவது ஒவ்வொரு சொற்பொழிவுக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் வெளியிடலாம். ஒருங்குறி எழுத்துருவிலேயே வாங்குங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்ததை மாற்றும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறிச் சமன்பாட்டுக்குள் விழும். இலங்கை வாசகருக்காக ஓர் இணைச்சொல் பட்டியலும் தேவை. நாம் கணம் என்பதை அவர்கள் தொடை என்கிறார்கள்; நம் அணி அவர்களுக்குத் தாயம்; திசையன் அங்கே காவி. இரண்டையும் அருகருகே கொடுத்தால் யாழ்ப்பாணத்து மாணவரும் தடையின்றிப் படிப்பார்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். 2027 ஏப்ரலில் தொடங்கி ஓராண்டு, மாதம் இரண்டு கணிதக் கேள்விகளுக்கு ஞாயிறு இதழில் கால் பத்தி ஒதுக்க முடியுமா? விடையை அஞ்சலட்டையிலும் அனுப்பலாம், வயதோ படிப்போ நிறுவனமோ கேட்கப்படாது என்று அதன் கீழே ஒரு வரி வேண்டும். முதல் கேள்வியாக அந்த 289-ஐயே போடலாம். விடை மேலே சொல்லிவிட்டோம். அது ஏன் 3-இல் நிற்கிறது என்ற நிரூபணத்தைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்களும் நூலகர்களும் சிலர்,
திருச்சிராப்பள்ளி